மல்காஸ் தீவின் கேனட் குஞ்சுகளும் சீல்களும்: சுட்டது சரியா?

வடகரையான்:

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில், சல்டானா விரிகுடாவின் வாயிலில் மல்காஸ் என்றொரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. பரப்பு எட்டு ஹெக்டேர் அளவுதான். உலகில் ஆறே தீவுகளில் மட்டும் கூடு கட்டும் கேப் கேனட் என்ற கடற்பறவைக்கு அது ஒரு முக்கியமான இடம். அந்தக் குஞ்சுகள் முதன்முறையாகக் கடலில் இறங்கும்போதே கேப் ஃபர் சீல்கள் (கடல்நாய்கள்) அவற்றைப் பிடித்துக் கொல்கின்றன.

2006இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீடு இது: 2000/01 இனப்பெருக்கப் பருவத்தில் சுமார் 6,000 குஞ்சுகள், 2003/04இல் 11,000, 2005/06இல் 10,000. தீவை விட்டுக் கிளம்பும் வயதை எட்டிய குஞ்சுகளில் இது முறையே 29, 83, 57 சதவீதம். 2001/02க்கும் 2005/06க்கும் இடையில் அந்தத் தீவின் கேனட் கூட்டம் கால்பங்கு சுருங்கிவிட்டது.

இதைத் தடுக்க, பறவையைக் கொல்லும்போது கண்ணில் பட்ட சீல்களை அரசுத் துறையினரே சுட்டிருக்கிறார்கள். 1993 முதல் 2001 வரை 153 சீல்கள். செய்தது சரி என்பதே என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

பாறைநண்டு:

அங்கோலாவின் தென்பகுதி, நமீபியா, தென்னாப்பிரிக்கா மூன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ இருபது லட்சம் ஃபர் சீல்கள் இருக்கின்றன. அதில் 153ஐச் சுட்டது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதற்கு ஒரு துப்பாக்கி, ஒரு படகு, ஒரு கோப்பு வேறு.

திரைகடல்:

பாறைநண்டு, இருபது லட்சம் என்ற எண்ணை இங்கே கொண்டுவருவதே பொருந்தாது. சீலின் உணவு மீனும் கணவாயும்தான். பறவை பிடிப்பது அவற்றுள் மிகச் சிலவற்றின் பழக்கம். மல்காஸைச் சுற்றி இந்த வேலையைச் செய்பவை பெரும்பாலும் முழு வளர்ச்சி அடையாத இளம் ஆண்கள். தனக்கென்று இடமும் துணையும் பிடிக்கும் வயது வராததால் சுற்றித் திரிபவை. இருபது லட்சத்தில் 153 என்று வகுப்பதை விட, தீவைச் சுற்றி வளைய வருகிற சிலவற்றில் 153 என்று பார்க்க வேண்டும். கொலைகாரச் சீல்களைக் குறிவைத்து நீக்கியபோது குஞ்சுகளின் சாவு குறைந்தது என்று பின்னால் வந்த ஆய்வும் சொல்கிறது. ஆனால் சில காலம் கழித்துப் புதிய சீல்கள் வந்துவிடுகின்றன. தொடர்ந்து செய்தால்தான் பலன்.

நான் வேலை நிமித்தம் கேப் டவுனில் இருக்கிறேன். சல்டானா விரிகுடாவின் வாயிலைப் படகில் கடந்தபோது சீல் பறவை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இணைய வீடியோக்களில் வருவதெல்லாம் கடைசி நொடிதான். அதற்கு முன்னால் நடப்பதைச் சொன்னால்தான் விஷயம் பிடிபடும்.

கேனட் ஒரே ஒரு முட்டைதான் இடும். அடைகாக்க வயிற்றில் வெற்றுத்தோல் கிடையாது. சவ்வுப் பாதங்களை முட்டைமேல் பரப்பிச் சூடு கொடுக்கும். குஞ்சு மூன்று மாதத்துக்கு மேல் கூட்டிலேயே இருந்து தின்று கொழுக்கிறது. கிளம்பும் நேரத்தில் அதன் எடை பெற்றோரை ஒட்டியோ சற்று மிஞ்சியோ இருக்கும். பெற்றோர் வெள்ளை, தலை மஞ்சள். குஞ்சோ கரிய உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்தாற்போல் இருக்கும். தீவின் விளிம்புக்குத் தத்தித் தத்தி வந்து, இறக்கையை அடித்துப் பழகி, ஒரு நாள் தண்ணீரில் விழுந்துவிடும். எழும்பிப் பறக்க முடியாது. உடம்பில் ஏற்றி வைத்த கொழுப்பு கரையும்வரை மிதந்தபடியேதான் போக வேண்டும். பெற்றோர் பின்னாலே வருவதில்லை.

சீல் அடியிலிருந்து வருகிறது. மேலே ஒரு சுழிப்புக்கூடத் தெரிவதில்லை. பறவை சட்டென்று உள்ளே போய், பிறகு சீலின் வாயில் மேலே வருகிறது. தலையை ஒரு வெட்டு வெட்டி உதறும். தோல் இறகோடு கழன்று போகும். மார்புத் தசையும் குடலும் போதும் அதற்கு. மிச்சம், மார்பெலும்பில் இரண்டு இறக்கையும் ஒட்டிக்கொண்டபடி மிதக்கும். கடற்காகங்கள் அதற்குள் கூடிவிடும். சில நேரம் கொன்றதைத் தொடாமலே அடுத்ததைத் தேடிப் போகிறது.

கோமதி:

கொன்றதைத் தின்னாமல் போகிறது என்றால் அது பசியா, விளையாட்டா? ரேபிஸ் கிருமியால் சீல்கள் மனிதர்களைக்கூடக் கடிக்கின்றன என்று 2024இல் செய்தி வந்ததே. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

திரைகடல்:

கோமதி அம்மா, ரேபிஸ் உறுதி செய்யப்பட்டது 2024இல். சீல்கள் பறவையைக் கொல்வது அதிகரித்தது 1980களின் நடுப்பகுதியிலிருந்து. நோய் வந்த சீல் எதிரில் வந்த எதையும் கடிக்கும். பறவை வேட்டையோ நேரம் பார்த்து, இடம் பார்த்து, குஞ்சுகள் இறங்கும் மாதங்களில் நடக்கிறது. இரண்டும் வேறு.

பசியா விளையாட்டா என்றால், இளம் விலங்கிடம் அந்த இரண்டையும் பிரிப்பது கடினம். தப்ப முடியாத இரை வரிசையாக வந்து விழுந்தால், நல்ல பாகத்தை மட்டும் தின்றுவிட்டு அடுத்ததைப் பிடிப்பதுதான் அதற்கு லாபம்.

சாம்பல்நாரை:

இழையின் தலைப்பே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இரண்டுமே அந்தக் கடலின் உயிர்கள். ஒன்று மற்றொன்றைத் தின்கிறது. இதில் நாம் யார் நடுவர்? சிறுத்தைப் புலி இம்பாலா மானை அடித்தால் சிறுத்தையைச் சுடுகிறோமா?

தவிர, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே ஃபர் சீல் தோலுக்காக வேட்டையாடப்பட்டு ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. 1973இல் கடற்பறவைகளையும் சீல்களையும் பாதுகாக்கச் சட்டம் வந்தது. ஆமாம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே சட்டம்! 1990இல் தென்னாப்பிரிக்கா சீல் வேட்டையை நிறுத்தியது. மீண்டு வந்த உயிரை மறுபடியும் சுடுவதற்குப் பெயர் பாதுகாப்பா?

வடகரையான்:

சாம்பல்நாரை, சிறுத்தை உவமை இங்கே ஒட்டாது. இம்பாலா லட்சக்கணக்கில் இருக்கிறது. கேனட்டுக்கு மொத்தம் ஆறு தீவுகள்: நமீபியாவில் மெர்க்குரி, இச்சாபோ, பொசெஷன், தென்னாப்பிரிக்காவில் லாம்பர்ட்ஸ் பே ஊரை ஒட்டிய பறவைத் தீவு, மல்காஸ், கிழக்கே அல்கோவா விரிகுடாவின் பறவைத் தீவு. இனமே அழியும் ஆபத்தில் உள்ளதாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. சீலுக்கு அந்த நிலை இல்லை. ஒரு பக்கம் ஏராளம், மறு பக்கம் அருகல். அப்போதும் நடுவர் வேண்டாம் என்பது கைகட்டி நிற்பதுதான்.

சாம்பல்நாரை:

அருக வைத்தது யார் என்ற கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள்.

மடிவலை:

அடுத்து மீனவன் தலையில் கட்டுவீர்கள் என்று தெரியும், அதனால் நானே வந்துவிட்டேன்.

மத்தியும் நெத்திலியும்தான் கேனட்டின் உணவு. இரண்டும் சுருக்குமடி வலையில் பிடிபடுபவை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் நடந்ததை ஒழுங்காகப் பாருங்கள். 2000ஐ ஒட்டி மத்தி ஏராளமாக இருந்த காலத்திலேயே அது மேற்குக் கரையை விட்டுத் தெற்கு, கிழக்குப் பக்கம் நகரத் தொடங்கிவிட்டது. நெத்திலியும் அப்படியே. மேற்கே இருந்த ஆலைகளுக்கே மீன் தொலைவாகிப் போனது. இதில் கடல் வெப்பநிலை மாற்றத்துக்கும் பங்குண்டு. எல்லாம் வலையால் என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள்.

திரைகடல்:

மடிவலை ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நகர்வுக்குச் சுற்றுச்சூழல் காரணமும் உண்டு, மேற்குப் பக்கம் அதிக அழுத்தத்தில் பிடித்ததும் காரணம் என்று ஆய்வாளர்கள் இரண்டையுமே சொல்கிறார்கள். நமீபியாவில் அந்தச் சந்தேகம்கூடக் கிடையாது. 1968இல் ஏறத்தாழ 14 லட்சம் டன் மத்தி பிடித்தார்கள். அதன் பிறகு அந்த வளம் சரிந்தது, இன்றுவரை எழவில்லை. ஒரு காலத்தில் உலகின் கேனட்டுகளில் பெரும்பகுதி நமீபியத் தீவுகளில்தான் இருந்தது. இப்போது அங்கே எஞ்சியிருப்பது மிகச் சிறு பங்கு. அங்கே அவற்றை வீழ்த்தியது உணவுப் பஞ்சம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மல்காஸில் சீல் அடிப்பதற்கு முன்பே அந்தப் பறவை பலவீனப்பட்டிருந்தது. மீன் நகர்ந்ததும் மேற்குக் கரைக் கேனட்டுகள் இழுவைப்படகுகளின் பின்னால் போகத் தொடங்கின. ஹேக் மீனைச் சுத்தம் செய்து கடலில் எறியும் தலையும் குடலும் அவற்றுக்கு உணவாயின. பெரிய பறவை அதைத் தின்று பிழைத்துக்கொள்ளும். குஞ்சால் முடியாது, மத்தியையும் நெத்திலியையும் பார்க்க அதில் சத்து வெகு குறைவு. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது: கழிவு தின்று வளரும் குஞ்சு மெதுவாக வளர்கிறது, பிழைப்பதும் குறைகிறது.

இன்னொன்று, இரை தேடித் தொலைதூரம் போக வேண்டியிருந்தால் தாயும் தந்தையும் ஒரே நேரத்தில் கூட்டை விட்டுவிடுகின்றன. தனித்து விடப்பட்ட குஞ்சைக் கடற்காகம் குத்தித் தின்கிறது. கூழைக்கடாவும் வருகிறது.

பாறைநண்டு:

கூழைக்கடாவா? அது மீன் தின்னும் பறவை அல்லவா?

திரைகடல்:

அதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பெரிய வேதனை தரும் பகுதி. அதே மேற்குக் கரையின் டாசன் தீவில் கூடு கட்டும் வெள்ளைக் கூழைக்கடாக்களுக்குக் கரையில் இருந்த பண்ணைகளின் கோழிக் கழிவு, பன்றிக் கழிவெல்லாம் வயிற்றை நிரப்பின. எண்ணிக்கை பெருகியது. பிறகு கழிவு கிடைப்பது குறைந்தது. பெருகிய கூட்டம் சும்மா இருக்குமா? சல்டானா பக்கத் தீவுகளுக்கு வந்து, கூடுகளுக்கு நடுவே வரிசையாக நடந்துபோய், கேனட் குஞ்சுகளை முழுசாக விழுங்கத் தொடங்கின. குஞ்சு அந்தத் தொண்டைப் பைக்குள் உதைத்துக்கொண்டு போவது வெளியே தெரியும்.

கரையில் கூழைக்கடா, கடலில் சீல், வயிற்றில் ஹேக் குடல். பட்ட காலிலே படும் என்பார்களே, அந்த நிலைமை.

கோமதி:

ஒரு சந்தேகம். எந்தக் கடற்பறவையானாலும் முதல் வருடத்தில் பெரும்பாலான குஞ்சுகள் செத்துத்தான் போகும். சீல் பிடித்தவற்றில் பல எப்படியும் சாக இருந்தவை என்றால், சீலைச் சுட்டு என்ன மிச்சப்படும்?

வடகரையான்:

83 சதவீதம் போன பருவத்தில் அந்த வாதம் எப்படி நிற்கும் என்று தெரியவில்லை. நோஞ்சான் குஞ்சை மட்டும் தேர்ந்து பிடித்தால் நீங்கள் சொல்வது சரி. நன்றாக வளர்ந்து கொழுத்தவையும் அதே தண்ணீரில்தான் இறங்குகின்றன. எழும்பிப் பறக்க முடியாதது எல்லாவற்றுக்கும் பொது.

திரைகடல்:

கோமதி அம்மாவின் கேள்விக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. நீண்ட ஆயுள் கொண்ட பறவைகளில் ஒரு வருடக் குஞ்சுகள் போனாலும் கூட்டம் தாங்கும். பெரிய பறவைகள் போனால் தாங்காது. வருடா வருடம் தொடர்ந்தால் குஞ்சு இழப்பையும் தாங்காது. அந்த 2006 ஆய்வே, இந்த அளவு இழப்பைக் கூட்டத்தால் நெடுங்காலம் ஈடுகட்ட முடியாது என்றுதான் கணக்கிட்டது.

பெரியவையே போனதற்கு லாம்பர்ட்ஸ் பே உதாரணம். அங்கே சீல்கள் கடலோடு நிற்கவில்லை. 2005/06 பருவத்தில் தீவின் மேலேயே ஏறி, கூட்டில் இருந்த பறவைகளைத் தாக்கின. கொல்லப்பட்டவை சில நூறுதான். ஆனால் மொத்தக் கூட்டமும் முட்டையையும் குஞ்சையும் போட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. ஆயிரக்கணக்கான கூடுகள் கடற்காகங்களுக்கு விருந்தாயின. அடுத்த பருவத்தில் சீல்களை விரட்டிவிட்டு, கேனட் உருவத்தில் செய்த பொம்மைகளைத் தீவில் நிறுத்தி வைத்தார்கள். வானத்தில் போன பறவைகள் அதைப் பார்த்து இறங்கின. மீண்டும் கூடு கட்டின.

மடிவலை:

பொம்மையை நம்பி இறங்குகிறது, மனிதனை நம்பவில்லை. புத்திசாலிப் பறவை.

சாம்பல்நாரை:

சீல்கள் தீவின்மேல் ஏறியதை அத்துமீறல்போல எழுதுகிறீர்கள். இந்தத் தீவுகள் பலவற்றில் முன்பு சீல்களே இனப்பெருக்கம் செய்தன. பிறகு குவானோ, அதாவது உரமாகப் பயன்படும் பறவை எச்சத்தின் வியாபாரம் வந்தது. 1843 தொடங்கி இச்சாபோவில் பறவை எச்சத்தை வெட்டி எடுக்க நூற்றுக்கணக்கான கப்பல்கள் குவிந்தன. இரண்டே ஆண்டுகளில் பாறை தெரியும்வரை சுரண்டி முடித்தார்கள். மல்காஸும் அதே காலத்தில் சுரண்டப்பட்டது. அதன் பிறகு எச்சத்துக்காகவே பறவையைக் காத்து, சீல்களைத் தீவுகளிலிருந்து துரத்தினார்கள். துரத்தப்பட்டவை கரையோரப் பாலைவனத்தில் பெருங்கூட்டங்களாகப் பெருகின. இப்போது பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. சொந்த வீட்டுக்கு வந்தவனைத் திருடன் என்கிறோம்.

திரைகடல்:

வரலாறு சரி. ஃபோண்டெலிங் என்ற தீவில் அப்படியே சீல்கள் திரும்ப வந்து குடியேறியிருக்கின்றன. மல்காஸிலிருந்து அது தூரமில்லை. முன்பு தீவுகளில் காவலாட்கள் வருடம் முழுக்கத் தங்கி, ஏறவரும் சீல்களை விரட்டினார்கள். எச்ச வியாபாரம் படுத்ததும் அந்தக் காவலும் போனது. சீல்களின் பறவை வேட்டை அதிகரித்த காலமும் அதுவே. ஆகவே சீல் பெருகியது ஒரு காரணம், காவல் போனது இன்னொன்று.

ஆனால் இதிலிருந்து நான் உங்கள் முடிவுக்கு வரமாட்டேன். பழைய காலத்தில் சீலும் கேனட்டும் ஒரே கடலில் இருந்தபோது மத்தியும் கரையோரமே இருந்தது. தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு. இருவருக்கும் போதிய மீன் இருந்தவரை சீல் சில ஆயிரம் குஞ்சைத் தின்றாலும் கூட்டம் நிமிர்ந்துவிடும். இப்போது நிமிரத் தெம்பில்லை. என் நிலை இதுதான்: குறிப்பிட்ட சீல், குறிப்பிட்ட மாதம், பயிற்சி பெற்ற ஆள், அதற்குள் அடங்கிய சுடுதல் என்றால் எதிர்க்க மாட்டேன். ‘சீல் அதிகமாகிவிட்டது, குறைப்போம்’ என்று பொதுவாக வேட்டையைத் திறப்பதானால் முழுமூச்சாக எதிர்ப்பேன். அதில் சாகும் சீல்களில் ஆயிரத்தில் ஒன்றுகூடக் கேனட்டைத் தொட்டிருக்காது. நமீபியாவில் ஆண்டுதோறும் வேட்டை நடக்கிறது. அங்கே கேனட் மீண்டதா?

பாறைநண்டு:

கடைசிக் கேள்வி நல்ல கேள்வி.

மடிவலை:

அப்படியானால் மீன்பிடித் தடை கேட்பீர்கள். பென்குயினுக்காக ஏற்கெனவே தடை வந்தாயிற்று. 2024 அக்டோபரில் ஆப்பிரிக்கப் பென்குயினை மிகக் கடுமையான அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். 2025 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவாக ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றிப் பத்து ஆண்டுகளுக்கு மத்தி, நெத்திலிப் படகுகளுக்குத் தடை. இன்னும் எவ்வளவு கடல் வேண்டும்?

திரைகடல்:

அந்த ஆறில் அல்கோவாவின் பறவைத் தீவும் இருக்கிறது. இன்று கேனட்டுகள் அதிகம் கூடும் இடமே அதுதான். ஆனால் பென்குயின் நீந்திப் போய் வரும் தூரத்துக்கு அளந்த தடை கேனட்டுக்குப் பத்தாது. கேனட் ஒரு தடவை இரை தேடிப் போனால் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அதற்காக அவ்வளவு கடலையும் மூடு என்று யாரும் கேட்கவில்லை ஐயா. மேற்குப் பக்கம் எவ்வளவு, கிழக்குப் பக்கம் எவ்வளவு என்று பிடிப்பின் அளவைப் பிரித்து நிர்ணயிக்க வேண்டும் என்று பறவை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். அதைச் செய்தால் மீனவனுக்கும் நாளைக்கு மீன் இருக்கும்.

மடிவலை:

பிரித்து நிர்ணயிப்பதை நான் எதிர்க்கவில்லை. மேற்குக் கரை ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு மாற்று என்ன என்பதையும் அதே தாளில் எழுதட்டும்.

சாம்பல்நாரை:

சுடுவதைத் தவிர வேறு வழியே கிடையாதா? ஒலி, வெளிச்சம், வலை, ஏதாவது?

வடகரையான்:

பட்டாசும் ஒலியும் சீலுக்குச் சில நாளில் பழகிவிடும். மீன்பண்ணைகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். சில இடங்களில் சத்தம் கேட்டால் ‘சாப்பாடு தயார்’ என்று ஓடியே வருகின்றன. திறந்த கடலில் தீவைச் சுற்றி வலை கட்டினால் பறவையே மாட்டும்.

திரைகடல்:

தீவின்மேல் ஏறுவதை ஆள் வைத்துத் தடுக்கலாம், லாம்பர்ட்ஸ் பேயில் அது பலிக்கிறது. தண்ணீரில் நடப்பதைத் தடுக்கத்தான் நல்ல வழி இல்லை.

கோமதி:

மல்காஸுக்குப் போய்ப் பார்க்க முடியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை.

திரைகடல்:

மல்காஸில் பொதுமக்கள் இறங்க அனுமதி இல்லை. லாம்பர்ட்ஸ் பேயின் பறவைத் தீவுக்குப் போங்கள். கரையோடு கல்பாதையால் இணைத்திருக்கிறார்கள், நடந்தே போகலாம். பறவைகளுக்குத் தெரியாமல் உள்ளிருந்து பார்க்கக் கட்டிய மறைவிடமும் உண்டு; கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேனட்டுகள் கழுத்தோடு கழுத்து உரசி அலகை மோதிக்கொண்டிருக்கும். ஜனவரியில் போனால் கரிய குஞ்சுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். காற்று எதிரிலிருந்து அடித்தால் எச்ச வாடை மூக்கைத் துளைக்கும், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.